புதுப் பூச்சி வந்தால் முதலில் மருந்துக்கடையா?

2021-ஆம் ஆண்டு கோடையில் சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் ஒரு மரவள்ளிக் காட்டுக்குப் போயிருந்தேன். நட்டு ஐந்து மாதம் ஆன பயிர். ஆள் உயரம் இருக்க வேண்டியது முழங்கால் உயரத்தில் நின்றது. நுனிக் குருத்துகள் எல்லாம் முட்டைக்கோஸ் போலச் சுருண்டிருந்தன. கணுக்கள் நெருங்கி, தண்டு கோணலாகத் திரும்பியிருந்தது. வரப்பில் ஏழெட்டுக் காலி மருந்து பாட்டில்கள். அந்த விவசாயி நான்கு முறை மருந்து அடித்திருந்தார்; நான்கும் வெவ்வேறு மருந்து. "ஒவ்வொரு தடவையும் அடிச்சா ஒரு வாரம் குறையுதுங்க. அப்புறம் முன்னைவிட அதிகமா வருது. இன்னும் என்னதான் அடிக்கிறதுங்க சார்?" என்று கேட்டார்.

அன்று அவருக்குச் சொல்ல என்னிடம் முழுமையான பதில் இல்லை. அவர் காட்டில் இருந்தது தென் அமெரிக்காவிலிருந்து பரவிய மரவள்ளி மாவுப்பூச்சி. அதை அடக்கக்கூடிய சிறு குளவி அப்போது ஆப்பிரிக்காவில் இருந்தது. அது நம் வயலுக்கு வந்து சேர 2022 மார்ச் ஆகிவிட்டது. அதற்குள் அவரும் அவரைப் போன்ற பல்லாயிரம் பேரும் மருந்துக்கும் கூலிக்கும் செலவழித்துக் களைத்துப் போயிருந்தார்கள்.

இந்தக் கதை நமக்கு முதல் முறை அல்ல. கடைசி முறையாக இருக்கப் போவதும் இல்லை. பப்பாளி, மல்பெரி, தென்னை, மக்காச்சோளம், தக்காளி, மிளகாய் என்று ஒவ்வொரு பயிராக அயல்நாட்டுப் பூச்சிகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் நாம் அதே தவற்றைச் செய்கிறோம். முதல் நாள் மருந்துக்கடைக்குப் போகிறோம். ஆறாவது மாதம்தான் அது என்ன பூச்சி என்று கேட்கிறோம். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

எதிரியைத் தாய்நாட்டில் விட்டுவிட்டு வந்த பூச்சி

வெளிநாட்டிலிருந்து வந்தது எல்லாமே கெடுதல் என்று சொல்ல முடியாது. மரவள்ளியே தென் அமெரிக்கப் பயிர்தான். மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், பப்பாளி, நிலக்கடலை எல்லாம் கடல் கடந்து வந்தவையே. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரவள்ளியைப் பரப்பியதால் பல குடும்பங்கள் பசியாறின. இன்று அதே கிழங்கை நம்பித்தான் சேலம், நாமக்கல் பகுதிகளில் ஜவ்வரிசி ஆலைகள் ஓடுகின்றன.

பயிர்கள் முதலில் வந்தன. அவற்றின் பூச்சிகள் பல காலம் கழித்து வருகின்றன. அந்தப் பூச்சிகளைத் தின்னும் உயிரினங்கள் பெரும்பாலும் வருவதே இல்லை. சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

ஒரு பூச்சிக்கு அதன் தாய்நாட்டில் ஒட்டுண்ணிக் குளவி, பொறிவண்டு, நோய் தரும் பூசணம் எனப் பல எதிரிகள் உண்டு. நூறு பூச்சி பிறந்தால் ஒன்றிரண்டுதான் மிஞ்சும். எனவே அங்கே அது பெரிய பூச்சியாகவே இருக்காது. ஒரு குச்சியிலோ நாற்றிலோ ஒட்டிக்கொண்டு நம் ஊருக்கு வரும்போது, அது அந்த எதிரிகளை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வருகிறது. இங்கே அதற்குத் தீனி உண்டு, வெயில் உண்டு, தடுப்பவர் மட்டும் இல்லை. அதனால்தான் வந்த ஓரிரு ஆண்டுகளில் காடு முழுக்கப் பரவிவிடுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் தீர்வும் எங்கே இருக்கிறது என்பது புரிந்துவிடும். விட்டுவிட்டு வந்த எதிரியைத் தேடிக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் நிரந்தரத் தீர்வு. இது புதிய யோசனையும் அல்ல. சப்பாத்திக்கள்ளி ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தின் மேய்ச்சல் நிலங்களையும் புறம்போக்குகளையும் மூடியிருந்தது. 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு செதில் பூச்சி, சில ஆண்டுகளில் அதைச் சாய்த்துவிட்டது. வெட்டியும் எரித்தும் ஒழிக்க முடியாததை ஒரு சிறு பூச்சி ஒழித்தது.

பப்பாளி தந்த பாடம்

2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்தது அது. பெயர்தான் பப்பாளி மாவுப்பூச்சி. 60-க்கும் மேற்பட்ட செடிகளில் வாழக்கூடியது. மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கொய்யா, செம்பருத்தி, வரப்பில் நிற்கும் துத்தி, பார்த்தீனியம் வரை எதையும் விடவில்லை.

பட்டுப்புழு வளர்ப்போர் பட்டபாடு தனி. மல்பெரியில் மருந்து அடித்தால் அந்த இலையைத் தின்னும் புழு செத்துவிடும். அடிக்காவிட்டால் இலையே கிடைக்காது. பலர் மல்பெரித் தோட்டத்தையே பிடுங்கி எறிந்தார்கள். பப்பாளித் தோட்டங்கள் காய்களோடு வெள்ளை பூசியதுபோல நின்றதை இன்றும் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

2010-இல் பெங்களூருவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்தது. அவற்றில் 'அசிரோஃபேகஸ் பப்பாயே' என்ற குளவி மிக நன்றாக வேலை செய்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி மாவட்டம் மாவட்டமாக வழங்கியது. குளவி விட்ட தோட்டங்களில் சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. இரண்டு ஆண்டுகளாக எத்தனையோ மருந்துகள் செய்யாததை, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவி செய்து முடித்தது.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். ஒன்று, தீர்வு மருந்துக்கடையில் கிடைக்கவில்லை. இரண்டு, அந்தத் தீர்வு வந்து சேர இரண்டு ஆண்டுகள் ஆயின.

12 ஆண்டுகள் முன்னறிவிப்பு

இப்போது மரவள்ளி மாவுப்பூச்சிக்கு வருவோம். இந்தப் பூச்சி 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. அங்கே மரவள்ளி கோடிக்கணக்கானவர்களின் அன்றாடச் சாப்பாடு. பல நாடுகளில் பஞ்சம் வரும் நிலை ஏற்பட்டது. 1981-இல் தென் அமெரிக்காவில் உள்ள பராகுவே நாட்டில் இந்தப் பூச்சியையும் அதன் எதிரியான 'அனாகைரஸ் லோபெசி' என்ற குளவியையும் கண்டுபிடித்தார்கள். சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரன் தலைமையில் அந்தக் குளவி ஆப்பிரிக்கா முழுவதும் விடப்பட்டது. அந்தப் பணிக்காக அவருக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

2008-இல் அதே பூச்சி தாய்லாந்துக்கு வந்தது. அவர்கள் அடுத்த ஆண்டே ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதே குளவியைத் தருவித்துப் பெருக்கி விட்டார்கள்.

2020-இல் கேரளத்தின் திருச்சூரில் பூச்சி கண்டறியப்பட்டது. பிறகு சேலம், நாமக்கல் என்று நம் மரவள்ளிப் பகுதிக்குள் பரவியது. 2021-இல் பெனினிலிருந்து குளவி பெங்களூருவுக்கு வந்தது. சோதனைகள் முடிந்து 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வயல்வெளியில் விடப்பட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பூச்சி தாய்லாந்தில் தெரிந்தது முதல் நம்மிடம் வந்தது வரை 12 ஆண்டுகள். அதன் எதிரி யார், எங்கே கிடைக்கும், எப்படி வளர்ப்பது என்பது 40 ஆண்டுகளாக உலகறிந்த செய்தி. ஆனாலும் பூச்சி வந்த பிறகுதான் நாம் வேலையைத் தொடங்கினோம். மறுபடியும் இரண்டு ஆண்டுகள்.

அந்த இரண்டு ஆண்டுகளிலும் சோம்பல் மட்டுமே இருந்தது என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டு உயிரினம் ஒன்றைக் கொண்டுவந்து திறந்துவிடுவது விளையாட்டு அல்ல. கரும்பு வண்டை ஒழிக்கிறேன் என்று 1935-இல் ஆஸ்திரேலியாவில் விடப்பட்ட தேரை, வண்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தின்று இன்று வரை அந்நாட்டுக்குத் தலைவலியாக இருக்கிறது. எனவே கொண்டுவரும் குளவி வேறு எதையாவது தாக்குமா, தேனீக்கோ பட்டுப்புழுவுக்கோ கெடுதலா என்று தனிமைக் கூடத்தில் சோதித்தே ஆக வேண்டும். அந்தச் சோதனைக்குக் காலம் பிடிக்கும் என்பதுதான் உண்மை. அதனால்தான் அதை முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்கிறேன்.

பெயரைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம்

2020, 2021-இல் பல விவசாயிகள் என்னிடம் கேட்டது இதுதான்: "பத்து வருசத்துக்கு முன்னாடி கொடுத்தீங்களே, அந்தக் குளவியைக் கொடுங்க சார்." நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் குளவி பப்பாளி மாவுப்பூச்சியை மட்டுமே தாக்கும். மரவள்ளி மாவுப்பூச்சிக்கு அதனால் பயன் இல்லை. இரண்டும் பார்க்க ஒன்றுபோல வெள்ளையாக, மாவு பூசியதுபோல இருக்கும். மேலுள்ள மாவை மெல்லத் துடைத்தால் பப்பாளி மாவுப்பூச்சியின் உடல் மஞ்சளாகவும், மரவள்ளி மாவுப்பூச்சியின் உடல் இளஞ்சிவப்பாகவும் தெரியும். நுனிக் குருத்து முட்டைக்கோஸ் போலச் சுருண்டு, கணுக்கள் நெருங்கிக் குட்டையாவது இரண்டாவதன் அடையாளம்.

மரவள்ளி மாவுப்பூச்சியிடம் இன்னொரு ஆபத்து உண்டு. இதில் எல்லாமே பெண். ஆண் இல்லாமலே முட்டையிட்டுப் பெருகும். ஆகவே ஒரே ஒரு பூச்சி ஒட்டிய ஒரு குச்சி போதும், ஒரு புது ஊருக்குப் பூச்சியைக் கொண்டுசேர்க்க. அது பறந்து வரவில்லை. நாம்தான் வண்டியில் ஏற்றி, வாடகையும் கொடுத்துக் கொண்டுவருகிறோம்.

தென்னையில் கூடவே வந்த நண்பன்

2016-இல் பொள்ளாச்சி, பாலக்காடு பகுதிகளில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ தென்பட்டது. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது. ஓலையின் அடிப்பக்கம் சுருள் சுருளாக முட்டையிடும். அது வெளியேற்றும் தேன் போன்ற கழிவு கீழ் ஓலைகளில் விழுந்து, அதில் கரும்பூசணம் படர்ந்து, மரமே கரி பூசியதுபோல ஆகிவிடும். ஊடுபயிராக நிற்கும் வாழையும் கறுக்கும். பார்ப்பவர் யாரும் பயந்துபோவார்கள்.

ஆனால் இந்த முறை 'என்கார்சியா' என்ற ஒட்டுண்ணி பூச்சியோடு சேர்ந்தே வந்திருந்தது. மருந்து அடிக்காத தோப்புகளில் அது தானாகவே பெருகிப் பூச்சியைக் குறைத்தது. டிராக்டரில் தெளிப்பான் கட்டி உச்சிவரை மருந்து பீய்ச்சிய தோப்புகளில் என்ன நடந்தது? ஓலையடியில் மெழுகுக்குள் இருந்த வெள்ளை ஈயின் குஞ்சுகளில் பெரும்பகுதி பிழைத்துக்கொண்டது. திறந்து திரிந்த என்கார்சியா செத்தது. அடுத்த மாதம் பூச்சி இரட்டிப்பாக வந்தது.

பூச்சிக்கும் குளவிக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாவுப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் மெழுகுப் போர்வை உண்டு; குளவிக்குக் கிடையாது. பூச்சி சுருண்ட குருத்துக்குள்ளும் ஓலையின் அடியிலும் ஒளிந்திருக்கும். குளவி அதைத் தேடி வெளியே நடமாடும். மருந்து முதலில் கொல்வது குளவியைத்தான். மிஞ்சிய பூச்சிகளுக்குப் பிறகு எதிரியே இல்லை. "அடித்தால் ஒரு வாரம் குறைகிறது, அப்புறம் அதிகமாக வருகிறது" என்று ஆத்தூர் விவசாயி சொன்னதற்குக் காரணம் இதுதான். அவர் வாங்கிய மருந்து போலியும் அல்ல. அவர் அடித்த அளவு குறைவும் அல்ல.

எல்லாவற்றுக்கும் குளவி இல்லை

இதைப் படித்துவிட்டு, இனி எந்தப் பூச்சிக்கும் மருந்தே வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அதுவும் தவறு.

அமெரிக்கன் படைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் ஆப்பிரிக்கா, 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா, அதே ஆண்டு நம் மக்காச்சோளக் காடுகள் என்று பாய்ந்து வந்தது. அதன் தாய் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோ மீட்டர் பறக்கக்கூடியது. மக்காச்சோளம் நூறு நாள் பயிர். இயற்கை எதிரிகள் பெருகி வரும்வரை பயிர் காத்திருக்காது. இங்கே பல வேலைகளை ஒன்றாகச் செய்தால்தான் தப்பிக்கலாம்.

கோடை உழவும், கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கும் மண்ணில் உள்ள கூட்டுப்புழுவைக் குறைக்கும். வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி போன்றவற்றை நட்டால் நன்மை செய்யும் பூச்சிகள் தங்கும். பரிந்துரைத்த மருந்தால் விதை நேர்த்தி செய்த பயிர், இளம் பருவத்தில் தாக்குதலைத் தாங்கும். இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் அந்துப்பூச்சி எப்போது வருகிறது என்று தெரியும். புழு சிறியதாக, இலையைச் சுரண்டி வெள்ளைத் திட்டுகள் போடும்போதே மருந்து குருத்துக்குள் போகும்படி தெளிக்க வேண்டும். புழு பெருத்து, மரத்தூள் போன்ற எச்சத்தால் குருத்தை அடைத்துக்கொண்ட பிறகு அடிக்கும் மருந்து வீண். புழுவின் தலையில் தலைகீழ் 'ஒய்' எழுத்து போன்ற கோடும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் அது படைப்புழுதான்.

ஆக, ஒரு பூச்சிக்குப் பொறுமை மருந்து. இன்னொரு பூச்சிக்குச் சுறுசுறுப்பு மருந்து. எதற்கு எது என்று தெரிய வேண்டுமானால், வந்திருப்பது யார் என்று முதலில் தெரிய வேண்டும்.

வாசலில் நிற்கும் அடுத்த ஆபத்து

பூச்சியாவது கண்ணுக்குத் தெரியும். வாழையில் 'டி.ஆர்.4' என்று அழைக்கப்படும் வாடல் நோய்ப் பூசணம் கண்ணுக்கே தெரியாது. ஜி-9 உள்ளிட்ட கேவண்டிஷ் ரகங்களையும் அது கொல்லும். ஏற்கெனவே பிகார், உத்தரப் பிரதேச வாழைத் தோட்டங்களில் பரவிவிட்டது. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். இதைத் தின்னும் குளவி எதுவும் இல்லை. வந்த பிறகு நிலத்திலிருந்து முற்றிலும் நீக்கும் மருந்தும் இல்லை. வராமல் தடுப்பது ஒன்றுதான் வழி.

தேனி, திருச்சி, ஈரோடு, தூத்துக்குடி வாழை விவசாயிகளுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை இருக்க முடியாது. விலை மலிவாகக் கிடைக்கிறது என்று வெளிமாநிலப் பக்கக்கன்றை வாங்கும் ஒருவர், தன் நிலத்தை மட்டும் அல்ல, வாய்க்கால் வழியே கீழே உள்ள அத்தனை பேர் நிலத்தையும் பணயம் வைக்கிறார்.

நீங்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, விதைக்குச்சி, நாற்று, கன்று எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பூச்சி தாக்கிய ஊரிலிருந்து மரவள்ளிக் குச்சி வாங்க வேண்டாம். நல்ல காட்டில், பூச்சி இல்லாத செடியில் எடுத்த குச்சியை மட்டும் பயன்படுத்துங்கள். நடும் முன் வேளாண் துறை பரிந்துரைக்கும் கரைசலில் நனைத்து நடுங்கள். வாழைக்குச் சான்று பெற்ற திசு வளர்ப்புக் கன்றே பாதுகாப்பு. அழகுச்செடி, அலங்காரப் பனை வாங்கும்போதும் இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை ஈ அப்படியும் ஊர் ஊராகப் போகிறது.

இரண்டாவது, இதுவரை பார்க்காத பூச்சியைப் பார்த்தால் அன்றே சொல்லுங்கள். பூச்சி உள்ள இலையைத் தெளிவாகப் படம் எடுத்து, வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலருக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ அனுப்புங்கள். பூச்சியோடு இலையைப் பேருந்தில் எடுத்துப் போக வேண்டாம். வழியெல்லாம் பரப்புவதாக ஆகிவிடும்.

மூன்றாவது, பதில் வரும்வரை கைவசம் உள்ளதைச் செய்யுங்கள். மரவள்ளியில் ஆங்காங்கே தெரியும் சுருண்ட குருத்துகளைக் கிள்ளிப் பைக்குள் போட்டு அழியுங்கள். ஆனால் உங்கள் பகுதியில் ஏற்கெனவே குளவி விடப்பட்டிருந்தால் எரிக்கும் முன் பாருங்கள். மாவுப்பூச்சிகள் காய்ந்து, பழுப்பு நிறக் கூடுபோல ஆகியிருந்தால் உள்ளே குளவி வளர்கிறது. அந்தக் குருத்துகளை எரித்தால் நம் ஆளை நாமே எரிக்கிறோம். தென்னையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி ஓலையடியைக் கழுவலாம். விளக்கெண்ணெய் தடவிய 5 அடி நீளம், ஒன்றரை அடி அகல மஞ்சள் நிறப் பாலித்தீன் தாள்களை ஏக்கருக்கு 8 வீதம் கட்டலாம். கரும்பூசணத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா மாவைக் காய்ச்சிய பசைக் கரைசல் போதும். அது காய்ந்து உதிரும்போது பூசணமும் உரிந்து விழும். வெள்ளை ஈயின் கூடுகளில் சிறு வட்டத் துளைகள் இருந்தால் அது என்கார்சியா வெளிவந்த அடையாளம். அந்த ஓலைகளைத் துண்டாக்கி, குளவி இல்லாத மரங்களில் கட்டி வையுங்கள். தென்னைக்கு வேர் வழியாக மருந்து கட்டும் பழக்கத்தை, இளநீர் வெட்டும் தோப்பில் அறவே நிறுத்துங்கள்.

நான்காவது, ஊரோடு சேர்ந்து செய்யுங்கள். நீங்கள் குளவி விட்டு, பக்கத்துக் காட்டுக்காரர் வாரம் ஒருமுறை மருந்து அடித்தால் உங்கள் குளவி நிற்காது. குளவிக்கு வரப்பு தெரியாது. விடும் நாளை ஊரே சேர்ந்து முடிவு செய்து, ஓரிரு மாதம் யாரும் கடும் மருந்து அடிப்பதில்லை என்று பேசி வையுங்கள்.

அரசு செய்ய வேண்டியவை

விவசாயியை மட்டும் குறை சொல்லி முடிப்பது நியாயம் அல்ல. சட்டம் நம்மிடம் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. 1914-இல் பூச்சி, நோய் தடுப்புச் சட்டம் வந்தது. 1919-இல் சென்னை மாகாணமே இதற்கெனத் தனிச் சட்டம் செய்தது. இறக்குமதியை முறைப்படுத்த 2003-இல் தாவரத் தொற்றுத்தடை ஆணை வந்தது. தாள் இருக்கிறது; துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் மாநில எல்லையிலும் அதை நடத்திக்காட்டும் ஆளும் ஆய்வகமும் போதவில்லை.

பக்கத்து நாடுகளில் வந்துவிட்ட, நம்மிடம் இன்னும் வராத பூச்சிகளின் பட்டியலைத் தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரி எது, எங்கே இருக்கிறது, அதைக் கொண்டுவர என்ன அனுமதி தேவை என்பதை இப்போதே முடித்துவைக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனைகளைப் பூச்சி வரும்முன் தொடங்கினால், இரண்டு ஆண்டு இழப்பைப் பெருமளவு குறைக்கலாம். வெள்ளம் வருமுன் அணை போடுவது என்பது இதுதான்.

ஒட்டுண்ணி வளர்க்கும் கூடங்கள் முதல் ஆண்டு பரபரப்போடு நின்றுவிடக் கூடாது. கோடை அதிகமாகி, குளவி குறையும் ஆண்டில் மறுபடி விட வேண்டியிருக்கும். மாவட்டத்துக்கு ஒரு கூடமாவது ஆண்டு முழுவதும் இயங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இன்று புதுப் பூச்சியை முதலில் சொல்லும் விவசாயிக்கு என்ன கிடைக்கிறது? அவர் குச்சியை யாரும் வாங்க மாட்டார்கள். பயிரை அழிக்கச் சொல்வார்கள். அதனால் பலர் மறைக்கிறார்கள். மறைக்கும் அந்த ஒரு பருவத்தில் பூச்சி மாவட்டம் தாண்டிவிடுகிறது. முதலில் சொல்பவரின் காட்டை அழிக்க நேர்ந்தால் அதற்கு உரிய இழப்பீட்டை உடனே தர வேண்டும். ஒரு ஏக்கருக்குக் கொடுப்பது, பிறகு ஒரு மாவட்டத்துக்கே நிவாரணம் கொடுப்பதைவிட மிகக் குறைந்த செலவு.

ஆத்தூர் விவசாயியை 2023-இல் மீண்டும் சந்தித்தேன். பக்கத்துக் காடுகளில் குளவி விடப்பட்டிருந்தது. அவர் அந்தப் பருவத்தில் ஒரு முறைகூட மருந்து அடிக்கவில்லை. மாவுப்பூச்சி முற்றிலும் போய்விடவில்லை. தேடினால் இங்கொன்றும் அங்கொன்றும் இருந்தது. பயிர் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. "பூச்சி கொஞ்சம் இருந்தாத்தானுங்களே குளவிக்குச் சோறு" என்று அவரே எனக்கு விளக்கினார். முழுவதும் ஒழித்துவிட்டால் குளவியும் பட்டினியில் போய்விடும் என்பதை அவர் தன் காட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார்.

அடுத்த புதுப் பூச்சி எந்தப் பயிரில், எந்த ஊரில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதை முதலில் பார்க்கப் போவது பல்கலைக்கழகத்தில் இருக்கும் நாங்கள் அல்ல. காலையில் காட்டைச் சுற்றி வரும் நீங்கள்தான். அன்று மருந்துக்கடைக்கு வண்டியைத் திருப்பும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு செய்யுங்கள். என்ன பூச்சி என்று கேளுங்கள். பிறகு மருந்தா, குளவியா, பொறுமையா என்று சேர்ந்து முடிவு செய்வோம்.